எட்டுக்கால் ஜமீன்தாருக்கு ஒரு மாளிகை

கேள்வி: உள்ளங்கை அகல டாரண்டுலாச் சிலந்தியை வளர்க்க ஆசை. கண்ணாடிப் பெட்டியை எவ்வாறு அமைப்பது?
(ஒரு வாசகர், உடையார்பாளையம்)

பதில்: தரைவாழ் ஜாதியாயின், உங்களூர் ஜமீன் அரண்மனையைப்போல் உயரத்தை வாரி வழங்காமல், தேங்காய்நார்த் தூளை ஆழமாக நிரப்பி, மேலுள்ள வெற்றிடத்தை அதன் கால்விரிவில் ஒன்றரை மடங்குக்குள் அடக்குவதே உத்தமம், ஏனெனில் அந்தக் கனத்த பிராணி சிறிது உயரத்திலிருந்து விழுந்தாலும் வயிறு கிழிந்து உயிர்விடக்கூடும். கம்பிவலை மூடியும் ஆகாது, நகம் சிக்கிக்கொள்ளும். மரவாசியாயின் எல்லாம் தலைகீழ்: நெடிய பெட்டியும் செங்குத்தாய் நிறுத்திய மரப்பட்டையும் வேண்டும். ஆனால் 2004-இல் ஆண்ட்ரூ ஸ்மித் விவரித்து, இராமேசுவரத்து அனுமவிலாசம் கோயிலின் பெயரைச் சூட்டிய நம் மரச்சிலந்தியின்மீது மட்டும் கண் வைக்காதீர்கள். அற்றுப்போகும் அபாயத்திலுள்ள அதற்குப் புளியமரப் பொந்தே போதும், அங்கே உங்கள் இல்லத்தரசியாரின் ஆட்சேபமும் எழாது.