சம்பல் போத்தலும் சீடத்துவமும்: திருகோணமலைத் துறைமுக வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருள்

வெளிநாட்டுக் கிறிஸ்தவ விடுதிப் பயிற்சிப் பள்ளியொன்றில் திருகோணமலைப் பிள்ளை கழிக்கும் முதல் ஏழு நாட்களை அறிய மூன்று ஆவணங்கள் உள்ளன: பிள்ளை சபைக்கு அனுப்பும் சாட்சிக் கடிதம், பள்ளி அனுப்பும் அறிக்கை, தாயின் வாட்ஸ்அப் அழைப்பு. முதலிரண்டிலும் எல்லாம் கர்த்தருடைய கிருபையால் நன்றாகவே நடக்கிறது; ஆகவே அவை ஆய்வுக்கு உதவா. மூன்றாவது, "என்ன தம்பி சாப்பிட்டாய்?" என்று தொடங்குவதால் அறிவியல் தகுதி பெறுகிறது.

இக்கேள்விக்குப் பிள்ளை ஒருபோதும் உண்மை சொல்வதில்லை. உண்மையை அறிய ஒரே வழி, பெட்டிக்குள் துவாய்க்கும் வேதாகமத்துக்கும் இடையில் கிடக்கும் சம்பல் போத்தலின் மட்டத்தைப் பார்ப்பதுதான். இதுவே இக்கட்டுரையின் கருதுகோள்.

2. வரையறை

இங்கே சம்பல் என்பது செத்தல் மிளகாயும் மாசியும் வெங்காயமும் உப்பும் சேர்த்து இடித்து, எண்ணெயில் வதக்கி, நாட்பட நிற்கும்படி செய்தது. தேங்காய்ச் சம்பல் மறுநாளே புளித்துவிடும்; எனவே விலக்கப்படுகிறது. பாலையூற்று, உவர்மலை, உப்புவெளி, சீனக்குடா ஆகிய இடங்களில் அடைக்கப்படும் போத்தல்கள் ஆய்வு எல்லைக்குள் வரும்.

கட்டுநாயக்கவில் ஒரு தத்துவச் சிக்கல் எழுகிறது. கைப்பையில் திரவம் 100 மில்லிலீட்டருக்கு மேல் போகக்கூடாது. சம்பல் திரவமா, திடமா? எண்ணெய் மேலே மிதப்பதால் திரவம் என்பது அதிகாரிகள் கட்சி. கரண்டி நட்டால் நிற்கும், ஆகவே திடம் என்பது தாய்மார் கட்சி. விமானம் இதற்காகக் காத்திராது என்பதால், அறிந்தோர் அதைப் பெரிய பெட்டியிலேயே வைப்பர்.

3. முன்னோடிகள்

ஊழியக்காரரைப் பொறுத்தவரை, திருகோணமலை நெடுங்காலம் இறக்குமதி நாடாகவே இருந்தது. 1893இல் திருகோணமலை மறைமாவட்டம் உருவானபின் பிரெஞ்சு இயேசுசபையினரும், அவர்களுக்குப் பின் நியூ ஓர்லியன்ஸிலிருந்து அமெரிக்க இயேசுசபையினரும் வந்து, இங்கே தம் முதல் வாரத்தைக் கழித்தனர். அவர்கள் பெட்டியில் என்ன போத்தல் இருந்தது என்பது இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

அவர்களுக்கும் முன்னோடி ஆங்கிலக் கடலோடி ராபர்ட் நொக்ஸ். பாய்மரம் இழந்த கப்பலோடு கொட்டியாரக் குடாவுக்கு வந்தவர், 1660இல் கண்டி அரசனின் ஆட்களிடம் தந்தையோடு பிடிபட்டார். கைதிகளை ஊர் ஊராகப் பிரித்துவைத்து, ஊராரே சோறு போடவேண்டும் என்பது அரச கட்டளை. கட்டணம் இல்லை, தங்குமிடம் உண்டு, சாப்பாடு உண்டு, வெளியேற அனுமதி மட்டும் இல்லை: விடுதிப் பள்ளியின் இலக்கணம் முழுதும் பொருந்துகிறது. பாடநூலாக இரண்டு பக்தி நூல்கள் கையில் இருந்தன. பிறகு ஒரு கிழவரிடம் பின்னல் தொப்பியொன்றைக் கொடுத்து ஆங்கில வேதாகமம் வாங்கினார். ஏறத்தாழ இருபது ஆண்டுக்குப் பின், 1679இல் அரிப்பு வழியாகத் தப்பிப் போனார். தற்காலப் பாடநெறிகள் இதைவிடக் குறுகியவை என்பது பெற்றோருக்கு ஆறுதல்.

வடக்கே அமெரிக்க மிஷன் நடத்திய தொடக்ககால விடுதிப் பள்ளிகளில் முதல் நாள் தகராறு வேதத்தைப் பற்றியதே அல்ல, குசினியைப் பற்றியது. மிஷன் வளவுக்குள் சமைத்ததை உண்ண வெள்ளாளப் பிள்ளைகள் மறுத்ததால், சமையலை வளவுக்கு வெளியே வைக்கவேண்டி வந்தது. 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரி வானியல், தருக்கம், கணிதம் என்று பெரிய விடயங்களைக் கற்பித்தது. ஆனால் இறையியலுக்கு முன்னே வயிற்றியல் நிற்கிறது என்பதை முதலில் கண்டவர்கள் அந்தக் குசினிக்காரரே.

4. களம்

தற்கால வடிவத்துக்கு நல்ல உதாரணம், லோரன் கன்னிங்ஹாம் 1960இல் தொடங்கிய யூத் வித் எ மிஷன் அமைப்பின் சீடத்துவப் பயிற்சிப் பள்ளி: ஏறத்தாழ 12 வாரம் வகுப்பு, அதன்பின் களப்பணி, இடையிடையே வளாக வேலை. இவ்வகைப் பள்ளியில் நம் பிள்ளையின் முதல் வாரம் பொதுவாக இப்படிப் போகும்.

முதல் நாள்: இரவுச் சாப்பாடு அவித்த உருளைக்கிழங்கு, பச்சை இலை, பாண். பிள்ளை "வெரி நைஸ்" என்கிறது. போத்தல் நிறைமட்டம்.

இரண்டாம் நாள்: காலையில் ஓட்ஸ் கஞ்சி, அதுவும் இனிப்பாக. பிள்ளை அறைக்கதவைச் சாத்திப் போத்தலைத் திறக்கிறது. உள்ளே வந்த நோர்வேக்கார அறைத்தோழன், கண்ணீர் வழியப் பெட்டியருகே முழங்காலில் இருப்பவனைக் கண்டு, மனந்திரும்புதல் என்று எண்ணி மெதுவாகக் கதவை மூடிப் போகிறான்.

மூன்றாம் நாள்: வேலைப் பட்டியலில் சட்டி கழுவும் முறை. வீட்டில் தேத்தண்ணிக் கோப்பையைக்கூட எடுத்து வைத்தறியாத பிள்ளை, எழுபது பேரின் தட்டோடு தனித்து நிற்கிறது. இரவில் போத்தல் மட்டம் சற்று இறங்குகிறது. மாசி வாசம் நடைபாதை வரை சாட்சி கூறுகிறது.

நான்காம் நாள்: சாப்பாட்டு மேசையில் கொரிய மாணவி ஒருத்தி தயங்கித் தயங்கி ஒரு டப்பாவைத் திறக்கிறாள். உள்ளே கொச்சுஜாங் என்னும் சிவப்பு மிளகாய்ப் பசை. பிள்ளை எழுந்து படியேறி ஓடுகிறது, போத்தலோடு திரும்புகிறது. நோர்வேக்காரன் இரண்டையும் ருசி பார்க்கிறான். அவனுக்கும் இப்போது உண்மையான கண்ணீர்.

ஏழாம் நாள்: போத்தல் காலி. பிள்ளை நலம்.

இதிலிருந்து விதி: வீட்டு ஏக்கம் போத்தலில் எஞ்சியிருப்பதற்கு நேர்விகிதம். ஒளித்துத் தின்றால் போத்தல் மெதுவாகக் குறையும், ஏக்கம் நெடுநாள் நிற்கும். மேசையில் வைத்தால் இரண்டும் ஒன்றாகவே தீரும்.

5. மறுப்புகள்

முதல் மறுப்பு: நாவின் ஆசை சீடனுக்கு ஆகாது. விடை: எண்ணாகமம் 11ஆம் அதிகாரத்தில், வானத்து மன்னாவைத் தின்று சலித்த மக்கள் எகிப்தின் வெள்ளரிக்காய்க்கும் வெங்காயத்துக்கும் பூண்டுக்கும் அழுதார்கள். அவர்களிடமும் ஒரு போத்தல் இருந்திருந்தால் அந்த அதிகாரம் சுருங்கியிருக்கும். மேலும், யோவானின் இறுதி அதிகாரத்தில் உயிர்த்த ஆண்டவர் கடற்கரையில் சீடர்களுக்கு முதலில் கொடுத்தது காலைச் சாப்பாடு, கரிநெருப்பில் சுட்ட மீன். உபதேசம் சாப்பாட்டுக்குப் பின்னரே. துறைமுகத்துக்காரருக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இரண்டாம் மறுப்பு: சம்பல் நம் மண்ணின் அடையாளம், அதை அந்நியர் மேசையில் வைப்பது தகுமா? இம்மறுப்பில் மிளகாயின் வரலாறு மறக்கப்பட்டிருக்கிறது. அமெரிக்கக் கண்டத்தில் பிறந்த மிளகாய், 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் கப்பலில் பாதிரிமாரோடு சேர்ந்து ஆசியக் கரைகளில் இறங்கியது. அதுவும் ஒரு வெளிநாட்டுப் பயிலுநர்தான். முதல் வாரத்தைத் தாண்டி, ஊர்க்காரராகவே ஆகிவிட்டது. பிள்ளை ஊர் நினைவாகக் கட்டிப்பிடித்திருப்பது ஒரு பழைய வந்தேறியை.

6. பரிந்துரைகள்

அ) விண்ணப்பப் படிவத்தில் மனமாற்றச் சாட்சிக்கு அடுத்ததாக, "போத்தல் எத்தனை?" என்ற வினா சேர்க்கப்படவேண்டும்.

ஆ) தாய்மார் இரண்டு போத்தல் கட்டவேண்டும்: ஒன்று ஒளிக்க, ஒன்று பகிர. பிள்ளை திருந்தினால் இரண்டாவது மிஞ்சாது. திருந்தாவிட்டால் முதலாவது மிஞ்சாது.

இ) மேலதிக ஆய்வு தேவைப்படும் ஒரு பிரச்சினை உண்டு. பயிற்சி முடிந்து பாலையூற்றுக்குத் திரும்பும் பிள்ளை, முதல் நாளே புட்டுக்குப் பக்கத்தில் கொச்சுஜாங் கேட்பது வழக்கமாகி வருகிறது. இதுபற்றித் தாயின் கருத்தை நேரில் கேட்டுப் பதிவுசெய்யத் துணிவும் வேகமான கால்களும் உள்ள ஆய்வாளர்கள் வரவேற்கப்படுகின்றனர்.