இலையை எண்ணுங்க மாப்ள

வாங்க மாப்ள, உக்காருங்க. பேத்தி எல்லாத்தையும் போன்ல சொல்லிட்டா. ஓசூர்ல நாலாவது மாடி பால்கனியில கிளாடியோலஸ் போட்டிருக்கீகளாம். கிழங்கு வாங்கின காசுக்கு எங்க கொடைக்கானல் மேல்மலையில ரெண்டு ஆளு நாள் முழுக்கக் களையெடுத்துட்டுப் போயிருப்பாக. இருக்கட்டும், சம்பாதிக்கிற பிள்ளை செலவழிக்கிறீக. அதுல நான் என்ன சொல்ல?

தொட்டியைப் படம் பிடிச்சும் அனுப்பிச்சா. கண்ணாடியைப் போட்டுக்கிட்டுப் பாத்தேன். இலை என்னமா வளந்து நிக்குது! ஆடு மேய்க்கிறவுக பாத்தா விடமாட்டாக. பூ மட்டும்தான் காணோம். “கிழங்கு போலி, ஏமாத்திட்டாங்க”ன்னு சொன்னீகளாமே. படிச்சவுக சொன்னா சரியாத்தான் இருக்கும். ஆனாலும் அறுபது வருஷமா இந்த மண்ணுல உருளைக்கிழங்கும் பூண்டும் போட்டு, பங்களாத் தோட்டத்துல பூவும் வளத்த கிழவன் ஒண்ணு ரெண்டு கேள்வி கேக்கலாமில்ல?

மூணு இலை வந்தப்ப நீங்க எங்க இருந்தீக? கோவாவுலயா? நெனச்சேன்.

இந்தச் செடி பூ வைக்கிறது நீங்க பூவைப் பாக்கிற அன்னைக்கு இல்ல மாப்ள. மூணாவது இலை விரியிற சமயத்துலதான் உள்ளுக்குள்ள குருத்தோட அடியில பூந்தண்டுக்கு அஸ்திவாரம் போடுது. வெளிய ஒரு அடையாளமும் தெரியாது. அந்த நேரத்துல தண்ணி காஞ்சாலோ, வெயில் பத்தலைன்னாலோ, போட்ட அஸ்திவாரத்தை அப்பிடியே கைவிட்டுட்டு வெறும் இலையா வளரும். சண்டையும் போடாது, சாகவும் செய்யாது. நீங்க கடற்கரையில காத்து வாங்கிக்கிட்டு இருந்தப்ப அது பால்கனியில முடிவெடுத்திருச்சு. திரும்பி வந்து குடம் குடமா ஊத்தினீக. தண்ணியைக் குடிச்சுது, முடிவை மாத்தலை.

அதனாலதான் நாங்க பூவை எண்ணுறதில்ல, இலையை எண்ணுவோம். மூணு இலையில ஒரு தடவை மேலுரம் வச்சு மண் அணைக்கிறது, ஆறு இலையில, தண்டு எட்டிப் பாக்கிறப்ப, இன்னொரு தடவை. நீங்க வாரத்துக்கு ஒருக்க யூரியா போட்டீகளாம். அதான் இலை அம்புட்டுக் கரும்பச்சை.

ரெண்டாவது கேள்வி. பால்கனி எந்தப் பக்கம் பாத்திருக்கு? வடக்கா? வீடு வாங்கும்போது வாஸ்து பாத்தீக, செடி வைக்கும்போது சூரியனைப் பாக்க மறந்துட்டீக. இது தென்னாப்பிரிக்காவுல வெட்டவெளியில பொறந்த சாதி. முன்னூறு வகைக்குக் கிட்ட இருக்கு, பெரும்பாலானது அந்தப் பக்கத்துதான். நாளைக்கு ஆறு மணி நேரமாச்சும் நேர் வெயில் விழணும். நாற்காலி போட்டு நீங்க உக்காருற அந்த மூலையிலதான் வெயில் வருதுன்னு பேத்தி சொல்றா. இனிமே நாற்காலி தொட்டி இருந்த எடத்துக்கும், தொட்டி நாற்காலி இருந்த எடத்துக்கும் போகட்டும். நீங்க பூக்கப்போறதில்லையே.

இப்பக் கிழங்குக்கு வருவோம். இதை வெங்காயம்னு நெனச்சுக்கிட்டுப் பாதி வெளிய தெரிய நட்டிருக்கீக, கண்காட்சிக்கு வச்ச மாதிரி. வெங்காயத்தை உரிச்சா அடுக்கடுக்கா வரும். பூண்டு பல்லு பல்லாப் பிரியும். இதுக்கு மேல ரெண்டு மூணு சருகுத் தோல்தான். உள்ள அறுத்தா சேனைக்கிழங்கு கணக்காக் கெட்டி. தண்டே பருத்துக் கிழங்கானது. சேனையும் சேப்பங்கிழங்கும் இதே தினுசுதான், ஆனா இதைக் குழம்புல போட்டுறாதீக. நாலு விரக்கடை ஆழத்துக்குக் குறையாம மண்ணுக்குள்ள போகணும், கிழங்குக்குக் கிழங்கு ஒரு சாண் இடைவெளி விடணும். மேலாக நட்டா, மூணடித் தண்டு ஏறினதும் காத்துக்குச் சாயும். அப்பக் குச்சி தேடுவீக, குத்துற குச்சி நேரா கிழங்கு வயித்துல ஏறும். குச்சியை நடும்போதே ஊண்டிரணும்.

வாங்கும்போதும் ஏமாந்திருக்கீக, ஆனா நீங்க நெனக்கிற மாதிரி இல்ல. அகலமா, தட்டையா, வட்டில் கணக்கா இருக்கிறதாப் பாத்துப் பொறுக்கினீகளாம். அது பல வருஷம் பூத்து ஓஞ்ச வம்சத்துக் கிழங்கு, என் வயசு. நாலஞ்சு சென்டிமீட்டர் அகலத்துல, நடு மேடு ஒசந்து குண்டா இருக்கிறதுதான் இளசு, அதுலதான் பூவு.

நீங்க நட்ட கிழங்கு உங்களுக்குத் திரும்பி வராது, இதைக் கேட்டுக்கங்க. அது தன் சத்தையெல்லாம் முளைக்குக் குடுத்துட்டு வத்தி, கறுத்துச் சருகாகிரும். அதுக்கு நேர் மேல, தண்டோட அடியில, புதுசா ஒண்ணு உக்காரும். ரெண்டுக்கும் நடுவுல மிளகு, கடலை அளவுல குட்டிக் கிழங்கு கொத்தா ஒட்டிக்கிட்டு இருக்கும். புதுசு பழசு மேல உக்காந்தா வருஷா வருஷம் மேல ஏறி மண்ணை விட்டு வெளிய வந்துரணுமில்லையா? வராது. புதுக் கிழங்கு தடிச்ச வெள்ளை வேரு விடும். அந்த வேரு சுருங்கிச் சுருங்கித் தன் கிழங்கைத் தானே கீழ இழுத்துக்கும். உங்க பேங்க் கடன் பத்திப் பேத்தி சொன்னப்ப இந்த வேரு ஞாபகம்தான் வந்துச்சு. சரி, அதை விடுங்க.

அடுத்தது இலை நுனி. வெளுத்துக் கருகிப்போயிருக்கே, உரம் பத்தலைன்னு மறுபடி உரம் வச்சீகளாமே. போர்த் தண்ணியா ஊத்துறீக? கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கம் நிலத்தடி நீர்ல ஃப்ளோரைடு கூடுதல்னு ஊருக்கே தெரியும். அதுக்குத்தானே ஒகேனக்கல்லுல இருந்து காவிரித் தண்ணியைக் குழாய் போட்டுக் கொண்டாந்தாக. ஃப்ளோரைடுக்கு இந்தச் செடி மாதிரி தொட்டாச்சிணுங்கி வேற கிடையாது. காத்துல அந்தப் புகை இருக்கான்னு கண்டுபிடிக்க ஆலைகளைச் சுத்தி இதை நட்டு வச்சுப் பாத்திருக்காக வெளிநாட்டுல. இலை நுனி கருகினா ஆலைக்காரனுக்கு நோட்டீஸ். மனுஷன் குடிக்கிற தண்ணியில லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் வரைக்கும் போகலாம்னு நம்ம நாட்டுக் கணக்கு. வெட்டின பூவை லிட்டருக்கு 1 மில்லிகிராம் இருக்கிற தண்ணியில வச்சாலே அதுக்கு வாட்டம் வந்துரும். சூப்பர் பாஸ்பேட்டுலயும் இந்தச் சரக்கு கலந்திருக்கு, அதனால அதை அள்ளிக் கொட்டாதீக, எலும்புத்தூள் போதும். மாடியில மழைத்தண்ணி விழுதில்ல? ரெண்டு டிரம்முல பிடிச்சு வைங்க. நடக்கிற யந்திரம் ஒண்ணு வாங்கித் துணி காயப் போட்டிருக்கீகளாமே, அதை நகத்தினா எடம் கிடைக்கும்.

நடைன்னதும் ஞாபகம் வருது. ஹாலந்துல நைமேகன்னு ஒரு ஊரு. 1909ல ஆரம்பிச்ச ஒரு நடைத் திருவிழா அங்க நடக்குது. நாலு நாள், நாளுக்கு முப்பது, நாப்பது, அம்பது கிலோமீட்டர்னு அவுக அவுக வயசுக்கேத்த மாதிரி நடக்கணும். கடைசி நாள் ஊருக்குள்ள நுழையிற ரோட்டுக்கே இந்தப் பூவோட பேரை வச்சிருவாகளாம். ரெண்டு பக்கமும் சனம் நின்னு, நடந்து வாறவுக கையில கிளாடியோலஸைக் கொத்தாத் திணிக்கும். பேத்திதான் படத்தைக் காட்டினா. அங்க காலு கொப்புளிச்சாத்தான் இந்தப் பூ. நீங்க லிஃப்ட்ல ஏறிப்போய்க் கேக்கிறீக.

ஐரோப்பாக்காரனுக்கும் இது சும்மா வந்துறலை. காட்டுச் செடியை அள்ளிக்கிட்டுப் போய்ப் பல வருஷம் கலந்து பாத்து, 1841ல பெல்ஜியத்துல கென்ட் நகரத்து நாத்துப்பண்ணைக்காரர் வான் ஹூட் ஒரு கலப்பை விக்க ஆரம்பிச்சாரு. நாம பாக்கிற பெரும்பூ வகையோட மூதாதை அதுதான். அப்புறம் விக்டோரியா அருவிச் சாரல்லயே வளர்ற ஒரு மஞ்சள் வகையும் கலப்புல சேந்துச்சு. அதோட மேலிதழ் கூரை மாதிரி கவுந்து மகரந்தம் நனையாமக் காக்கும். நம்ம நாட்டுலயும் ஹெசரகட்டாவுல இருக்கிற தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் ஆர்த்தி, பூனம், சப்னான்னு வரிசையா ரகம் விட்டிருக்கு, கேட்டா சினிமா நடிகைக மாதிரி இருக்கும். எங்க கொடைக்கானல் ஆராய்ச்சி நிலையத்து ரகத்துக்கு கேகேஎல்-1னு பேரு. மலைக்காரனுக்குப் பேரு வைக்கத் தெரியாது, செடி வைக்கத் தெரியும்.

அடுத்த தடவை புரட்டாசி, ஐப்பசியில நடுங்க. குளிருக்குள்ள தண்டு வந்துரும். ரகத்தைப் பொறுத்து ரெண்டு மாசத்துல இருந்து மூணரை மாசம் வரைக்கும் ஆகும், தினம் போய்க் கிளறிப் பாக்காதீக. பூந்தண்டுல அடிப்பூ ஒண்ணு ரெண்டு நிறம் காட்டினதும் அறுங்க, மிச்சம் சொம்புத் தண்ணியில கீழயிருந்து மேலாகத் தன்னால விரியும். அறுத்ததைப் படுக்கப்போட்டுக் கார்ல கொண்டு போகாதீக. படுத்தாலும் நுனியைத் தூக்கி வளைச்சுக்கும், அப்புறம் என்ன செஞ்சாலும் நிமிராது. நிக்க வச்சுத்தான் கொண்டு போகணும். அறுக்கும்போது நாலஞ்சு இலையைச் செடியிலயே விட்டுருங்க. பூவுக்கு ஆசைப்பட்டு அடியோட வெட்டினா, அடுத்த வருஷக் கிழங்குக்கு யாரு சோறு போடுறது?

இலையில வெள்ளி பூசின மாதிரி கீறல் தெரிஞ்சா அது இலைப்பேனு. பொடிசா இருக்கும், ஒங்க கண்ணாடிக்குத் தெரியாது, பேத்தியைப் பாக்கச் சொல்லுங்க. கிழங்கு எடுக்கும்போது அடிப்பக்கம் பழுப்பா, நெகிழ்ந்து இருந்தா அழுகல். அதைக் குப்பைக்குக் குடுத்துருங்க, அந்த மண்ணுல மறுபடி இதையே வைக்காதீக. ஒரு கிழங்குக்குப் பாவம் பாத்தா மொத்தச் சாக்கும் போயிரும்.

இந்த வருஷம் பூ இல்லைன்னு செடியைப் பிடுங்கிறலாம்னு நெனச்சீகளாமே. வேண்டாம். அதான் நான் உங்களை இங்க வரச் சொன்னதே. பூக்காத செடி சத்தை வீணாக்கலை மாப்ள, கீழ கிழங்கைப் பெருக்கிக்கிட்டு இருக்கும். பூத்த செடியா இருந்தா அறுத்து ஒன்றரை, ரெண்டு மாசம் கழிச்சுத் தோண்டுவோம். ஒங்களுது இலை பழுக்கிறப்பத் தோண்டுங்க. நிழல்ல ரெண்டு மூணு வாரம் காயவிட்டா, அடியில இருக்கிற பழைய சருகு கையால திருகினா வந்துரும். தோண்டின கையோட நட்டா முளைக்காது, ரெண்டு மூணு மாசம் ஒறங்கும். அந்த ஒறக்கத்தைக் குளிருதான் கலைக்கும். வலைப்பையிலயோ காகிதப்பையிலயோ போட்டு பிரிட்ஜுல காய்கறித் தட்டுல வைங்க. பிளாஸ்டிக் பையில கட்டினா வேர்த்து அழுகும். பேத்திக்கிட்ட முன்கூட்டியே சொல்லிருங்க, போன மாசம் அவ சேப்பங்கிழங்குன்னு நெனச்சு எதையோ வறுத்ததா ஒரு சேதி வந்துச்சு.

குட்டிக் கிழங்கைத் தூக்கிப் போடாதீக. அதுக பூக்க ரெண்டு மூணு பருவம் ஆகும். உங்களுக்குப் பொறுமை கிடையாது, அதனால அதை ஒரு டப்பாவுல போட்டு இங்க அனுப்பிருங்க, பூண்டு வயல் வரப்போரமா ஊண்டி வைக்கிறேன். பெருசுலயும் ஒரு பத்து. வெள்ளை வேண்டாம், செவப்பு, மஞ்சளாப் பாத்து எடுங்க. ஏன் பாக்கிறீக? இம்புட்டு நேரம் சொன்னதுக்கு வாரம் குடுக்கணுமில்ல? எங்க ஊருல பாதிக்குப் பாதி. மாப்பிள்ளைங்கிறதால மூணுல ஒண்ணுக்கு ஒத்துக்கிறேன்.