சும்மா இருத்தல்: இரட்டைச் சிலிண்டர் வண்டியின் ‘ஸ்லோ’ குறித்த ஓர் ஆய்வு

வண்டி நிற்கும்போதும் எஞ்சின் அணையாமல் மெல்லத் துடித்துக்கொண்டிருக்கும் நிலை பட்டறை வழக்கில் ‘ஸ்லோ’ எனப்படும். இதனை ஆராயத் திருவண்ணாமலையே தக்க களம். அருணகிரிநாதர் முருகனிடம் பெற்றதாக மரபு கூறும் உபதேசமும், 1896இல் இவ்வூருக்கு வந்த ரமணர் வலியுறுத்திய நிலையும் சும்மா இருத்தலே ஆகும். அன்றியும், 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் நடப்போர் பின்னே ஊர்ந்து செல்லும் வண்டி, அடி அண்ணாமலை வரையிலேனும் ஸ்லோவை நம்பியே உயிர்வாழ்கிறது.

ஆய்வுக்குரிய பொருள், யமஹா ஆர்டி 350ஐத் தழுவி எஸ்கார்ட்ஸ் நிறுவனம் 1983இல் வெளியிட்ட 347 சிசி ராஜ்தூத் 350 என்னும் டூ-ஸ்ட்ரோக் வண்டியாகும். ஒற்றைச் சிலிண்டர் பழைய புல்லட்டுக்கு ஒரு கார்புரேட்டரே உள்ளதால் அதன் ஸ்லோ ஒரு தனிமனித ஒழுக்கம். ராஜ்தூத்துக்கோ சிலிண்டருக்கொன்றாக இரண்டு கார்புரேட்டர்கள் இருப்பதால், அது ஓரகத்திகள் இருவர் ஆளும் ஒரே அடுக்களையின் சிக்கலாகிறது. இடது சிலிண்டர் முழுப்பாரத்தையும் சுமக்க, வலது அதன் தயவில் சுழன்றுகொண்டிருந்தாலும், வெளியிலிருந்து பார்ப்பவர்க்கு இரண்டும் சும்மா இருப்பதாகவே தோன்றும். சும்மா இருப்பதிலும் உழைப்புச் சுரண்டல் உண்டு என்பதே இவ்வாய்வின் கண்டுபிடிப்பு.

முறை வருமாறு. ஸ்லைடு எனப்படும் தடுப்பு எவ்வளவு தாழ்ந்து நிற்கலாம் என்பதை வரையறுப்பது ஸ்லோ ஸ்க்ரூ. மெதுவோட்டக் கலவையில் சேரும் காற்றை அளப்பது ஏர் ஸ்க்ரூ. எஞ்சின் நன்கு சூடேறிய பின்னரே தொடங்க வேண்டும். விடியற்குளிரில் வைத்த ஸ்லோ கத்திரி வெயிலில் செல்லாது. ஏர் ஸ்க்ரூவை மென்மையாக மூடி ஏறத்தாழ ஒன்றரைச் சுற்றுத் திறந்தபின், வலப்பக்கப் பிளக் வயரைக் கழற்றி எர்த் செய்து, இடச்சிலிண்டர் தன்னந்தனியே சாகாமல் நிற்கும்வரை அதன் ஸ்லோ ஸ்க்ரூவைத் திருக வேண்டும். பின்னர் வலத்துக்கும் அவ்வாறே. இரண்டையும் சேர்த்ததும் எஞ்சின் உற்சாகத்தில் எகிறும். அப்போது இரு ஸ்க்ரூக்களையும் சம அளவில் தளர்த்துவதே நடுநிலை. ஆக்ஸிலரேட்டரைத் தொட்டதும் இரு ஸ்லைடுகளும் ஒரே கணத்தில் எழுகின்றனவா என்பதையும் பார்க்க வேண்டும். கேபிளில் ஒருபக்கம் தளர்வு இருப்பின் மேற்சொன்ன அறமனைத்தும் வீண்.

சமநிலையை அறிவதில் கருத்து வேறுபாடு உண்டு. ஓசையால் அறிவது காதுக் கட்சி. இரு சைலன்சர் வாய்களின் பின்னே உள்ளங்கைகளை நீட்டி, புகையின் உந்துதலை ஒப்பிடுவது கைக் கட்சி. காதே போதாதோ எனின், தேரடி வீதியின் ஆட்டோ ஹாரன்களுக்கும் கோயில் மணிக்கும் நடுவே போதாது என்க. கைக் கட்சிக்குச் சான்றும் மிகுதி: உள்ளங்கை இரண்டிலும் படியும் கரிய எண்ணெய்ப் புள்ளிகள், பிரசாதத்துக்குக் கை நீட்டும்போதும் அழிந்திரா.

இறுதியாக ஒரு வேண்டுகோள்: ஏர் ஸ்க்ரூவின் கூர்நுனி மெல்லியது. மூடும்போது அதனை முறுக்கி இறுக்கற்க. நுனி நசுங்கி, அது அமரும் துளையும் விரிந்துவிட்டால், பிறகு கார்புரேட்டரையே மாற்ற நேரும்.