கை வைக்குமுன்…

சபையில் காசில்லை என்றால் முதலில் கை வைப்பது வாசிகசாலையில்தானே? நாங்கள் மனு எழுதி என்ன வரப்போகிறது?
– வாசகர், பேசாலை, மன்னார்

யாழ்ப்பாணத்தில் என்ன வந்தது தெரியுமா? 1933இல், நீதிமன்றத்தில் உத்தியோகம் பார்த்த க. மு. செல்லப்பா, தன் வீட்டுப் புத்தகங்களை ஊருக்கு இரவல் கொடுக்கத் தொடங்கினார். அடுத்த வருஷமே ஊர் கூடி, ஆஸ்பத்திரி வீதியில் வாடகை அறை பிடித்து, 844 நூல்களோடு நூலகம் திறந்தது. 1935இல் நகரசபை பொறுப்பெடுத்தது. சபை தந்த நூலகமல்ல, ஊர் சபைக்குத் தந்த நூலகம்!

மனு எழுதுங்கள். வரவுசெலவுத் திட்டத்தில் அவர்கள் கை வைக்குமுன், ‘வாசிகசாலைக்கு எவ்வளவு?’ என்று நீங்கள் விரல் வைத்துக் கேளுங்கள். போகும்போது அங்கத்துவ அட்டை வைத்திருக்கும் பிள்ளைகளையும் கூட்டிப்போங்கள்.