ஏழ்மைக்கும் உண்டு நுழைவுத் தேர்வு

ஏழைப் பிள்ளைகள் பிளஸ் டூவை முடிக்க வேண்டுமே என்ற அக்கறையில் மத்திய அரசு 2008இல் தொடங்கியது தேசிய வருவாய் வழி மற்றும் திறன் படிப்புதவித் தொகைத் திட்டம். இந்தப் பெயரை ஒரே மூச்சில் சொல்லும் மாணவனுக்குத் தேர்வே வைக்க வேண்டாம். எட்டாம் வகுப்பில் எழுதித் தேறினால், ஒன்பதாம் வகுப்பிலிருந்து மாதம் 1,000 ரூபாய்.

பெற்றோரின் ஆண்டு வருமானம் 3.5 லட்சத்தைத் தாண்டக் கூடாது. நியாயம்தானே! அதை நிரூபிக்க அப்பா ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு இ-சேவை மையத்தில் நிற்கிறார். அன்றைக்கு அவருக்கு வருமானமே இல்லை. சான்றிதழில் துளியும் பொய் கிடையாது.

அடுத்தது பெயர்ப் பொருத்தம். பள்ளிப் பதிவேட்டில் இன்ஷியல் முன்னால், ஆதாரில் பின்னால், பாஸ்புக்கில் காணவே காணோம். ஜோசியர் பத்துப் பொருத்தத்தோடு விட்டுவிடுவார், கணினி விடாது. ஓடிபி அப்பாவின் செல்போனுக்குப் போகும். அப்பா நான்காவது மாடியில் சென்டிரிங் அடித்துக்கொண்டிருப்பார்.

ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் வேண்டும். ஏழ்மை சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டால்? பத்தாம் வகுப்பில் பொதுவாக 60 சதவீதம் எடுத்தால்தான் பிளஸ் ஒன்னுக்குப் பணம். தடுமாறுகிறவனுக்கு உதவி எதற்கு?

இத்தனையும் பழகிய பையன் வீண்போவதில்லை. பிளஸ் ஒன்னோடு படிப்பை நிறுத்திவிட்டு, பஸ் ஸ்டாண்டு பிரவுசிங் சென்டரில் மற்றப் பிள்ளைகளுக்கு உதவித்தொகை விண்ணப்பம் நிரப்பித் தருகிறான்.

ஸ்கேனுக்குத் தனிக் கட்டணம்.