பேரீச்சம்பழத்துக்கும் பொன்விழாவுக்கும் நடுவே

பெறுநர்:
மத்திய சாலைப் போக்குவரத்து மற்றும் நெடுஞ்சாலைகள் அமைச்சகம்,
புது தில்லி.

பொருள்: இருபது வயதைத் தாண்டியும் ஐம்பதை எட்டாத கார்கள், இடைப்பட்ட முப்பது ஆண்டுகளை எங்கே கழிப்பது என்று விளக்கம் கோருதல் – தொடர்பாக.

ஐயா,

முதலில் பாராட்டிவிடுகிறோம். பழைய கார்கள் நாட்டின் பெருமை என்று 2021 ஜூலையில் ஒரு விதி போட்டீர்கள். பழைய கார்கள் நாட்டின் சுமை என்று அதே ஆண்டு செப்டம்பரில் இன்னொரு விதி போட்டீர்கள். இரண்டும் ஒரே அமைச்சகத்தின் அறிவிக்கை. முதல் விதிப்படி, பதிவாகி ஐம்பது ஆண்டு கடந்த கார் ‘விண்டேஜ்’ ஆகிறது. பதிவெண்ணில் ‘விஏ’ என்ற பட்டமும் கிடைக்கிறது. 20,000 ரூபாய் கட்டினால் பத்தாண்டுக்குப் பதிவு. அதற்குப் பிறகு புதுப்பிக்க வெறும் 5,000. இரண்டாவது விதிப்படி, பழைய காரை உடைப்பு நிலையத்தில் ஒப்படைத்தால் ஒரு சான்றிதழ். அதைக் காட்டிப் புதுக் கார் வாங்குபவருக்குச் சாலை வரியில் 25 சதவீதம் வரை சலுகை தரவும் வழி செய்தீர்கள். அந்தக் காலத்தில் தெருவில் வந்த பழைய இரும்புக்காரர் பேரீச்சம்பழம் கொடுத்தார், நீங்கள் சான்றிதழ் கொடுக்கிறீர்கள். ஆக, கார் ஐம்பதைத் தொட்டால் பொன்விழா, தொடாவிட்டால் பேரீச்சம்பழம். எங்கள் சந்தேகம் ஒன்றே ஒன்றுதான். ஐம்பது வயதான எந்தக் காரும், அதற்கு முன்னால் நாற்பது வயதான காராக இருந்துதானே ஆக வேண்டும்?

ஸ்டாண்டர்டு 2000 என்ற காரை வைத்தே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் சென்னையில் 1985 முதல் 1988 வரை செய்த கார் அது. 1988-இல் பதிவான ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். தனியார் காருக்கு முதல் பதிவு பதினைந்து ஆண்டு. பிறகு ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். 2003, 2008, 2013, 2018, 2023, 2028, 2033 என்று ஏழு முறை எஃப்சி என்ற தகுதிச் சான்று காட்டி முடித்தால், 2038-இல் அது உங்கள் பொன்விழா மேடையில் ஏறும். 2018-இல் புதுப்பிக்கும் கட்டணம் 600 ரூபாய். 2022 ஏப்ரலில் அது 5,000 ஆயிற்று. 2025 ஆகஸ்டில், இருபது வயதைத் தாண்டிய கார்களுக்கு 10,000 ஆயிற்று. மாநிலத்தின் பசுமை வரி தனி. ஆனால் வண்டி அதே வண்டிதான். பிரேக் இன்ஸ்பெக்டர் சுற்றிவந்து பார்ப்பதும், சேஸிஸ் நம்பரின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரதி எடுப்பதும் அப்படியேதான் இருக்கின்றன. பதினாறு மடங்குக்கு மேல் ஏறிய கட்டணத்துக்கு ஈடாகச் சோதனையில் என்ன ஏறியிருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. தொகை பெரிதல்ல என்பீர்கள். உண்மைதான், எஞ்சினைக் கீழே இறக்கினால் அதைவிட அதிகம் செலவாகும். எங்கள் குறை தொகையைப் பற்றியதே இல்லை. நன்றாகப் பார்த்துக்கொள்ளப்பட்ட வண்டிக்கும் தரை ஓட்டையாகி நிற்கும் வண்டிக்கும் ஒரே தண்டம் விதிக்கும் கட்டணம், வண்டியைப் பார்த்துப் போட்டதாக இருக்க முடியாது. நாட்காட்டியைப் பார்த்துப் போட்டது. அறுபதாம் கல்யாணத்துக்கு இப்போதே மண்டபம் பேசி வைத்துவிட்டு, அதுவரை மாப்பிள்ளைக்குச் சோறு போடாமல் இருப்பது போன்ற ஏற்பாடு இது.

இந்தக் கார் ஐம்பது வரை எதற்கு இருக்க வேண்டும் என்று கேட்கலாம். பானெட்டைத் திறந்தால் பதில் இருக்கிறது. வெளியுடம்பு பிரிட்டனின் ரோவர் எஸ்டி1. டேவிட் பேச் வடிவமைத்து 1976-இல் வந்து, 1977-ஆம் ஆண்டுக்கான ஐரோப்பியக் கார் விருதை வாங்கியது. உள்ளே உட்கார்ந்திருக்கும் 1,991 சிசி எஞ்சினின் வம்சமோ 1940-களின் ஸ்டாண்டர்டு வேன்கார்டில் தொடங்குகிறது. ஃபெர்குசன் டிராக்டரில் உழுததும் டிரையம்ஃப் டிஆர்2 என்ற ஸ்போர்ட்ஸ் காரில் பறந்ததும் அதே வம்சம்தான். ஐரோப்பாவே கைதட்டிய உடம்புக்குள் முப்பது ஆண்டுக்கு மேல் பழைய எஞ்சினை வைத்து, அதையும் சொகுசுக் கார் என்று விற்கப் பார்த்த காலத்தின் பொருளாதாரப் பாடத்தை இதைவிடத் தெளிவாக எந்தப் பாடநூலும் நடத்தாது. கார் ஓடவில்லை, கம்பெனியும் உற்பத்தியை நிறுத்திவிட்டது. கிடங்கில் மிஞ்சிக் கிடந்த எஸ்டி1 உதிரிபாகங்களை 2006 வாக்கில் இங்கிலாந்து வியாபாரி ஒருவர் மொத்தமாக ஏலத்தில் எடுத்துக் கப்பலேற்றினார். நமக்குப் பழைய இரும்பு, அவருக்குச் சரக்கு. இன்று இந்த வண்டிக்கு ஒரு கதவோ ஃபெண்டரோ வேண்டும் என்றால், சென்னைக் கிடங்கில் கிடந்ததையே இங்கிலாந்திலிருந்து சுங்கவரி கட்டி இறக்க வேண்டி வரலாம். ‘மேக் இன் இந்தியா’ சிங்கம் இவ்வளவு தூரம் நடந்திருக்கும் என்று நீங்களே எதிர்பார்த்திருக்க மாட்டீர்கள்.

எஞ்சின் விஷயத்தில் பிழைத்தோம். அது வெட் லைனர் எஞ்சின். தேய்ந்துபோனால் பிளாக்கை போர் அடிக்க வேண்டியதில்லை, லைனரை உருவிவிட்டுப் புதியதை இறக்கலாம். அடியில் இரண்டு லைனருக்கு ஒன்றாக, எட்டு என்ற எண்ணின் வடிவத்தில் ஒரு மெல்லிய கேஸ்கெட் வரும். அது சரியாக உட்காராவிட்டால் தண்ணீர் ஆயில் சம்ப்பில் இறங்கிவிடும்; டிப் ஸ்டிக்கை உருவினால் ஆயில் வெளுத்துக் குழம்பி வரும். லைனரின் விளிம்பு பிளாக்கின் மட்டத்தைவிட மயிரிழை உயர்ந்து நிற்க வேண்டும். அப்போதுதான் ஹெட்டை இறுக்கும்போது கேஸ்கெட் பிடிக்கும். உயரம் போதுமா என்பதை விரலால் தடவியே சொல்லிவிட்டு, பிறகு ஊருக்காக கேஜ் வைத்து அளந்து காட்டும் மெக்கானிக்குகள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் கையில் இருக்கும் படிப்பு எந்த ஐடிஐ பாடத்திலும் இல்லை. இந்த வண்டிகள் உடைப்பு நிலையத்துக்குப் போகும் நாளில் அந்தப் படிப்பும் கூடவே போய்விடும். 2038-இல் விஏ பலகை மாட்டிக்கொண்டு வரும் வண்டியை யார் ஸ்டார்ட் செய்து கொடுப்பார்கள் என்பதற்கு உங்கள் விதிகளில் ஏற்பாடு ஏதும் காணோம்.

பெட்ரோல் கதையையும் சொல்லிவிட வேண்டும். 2000-ஆம் ஆண்டோடு பெட்ரோலிலிருந்து ஈயம் போயிற்று. பிள்ளைகளின் உடம்புக்கு நல்லது என்பதால் பழைய கார்க்காரர்கள் மறுபேச்சு இல்லாமல் ஹெட்டைக் கழற்றி, கெட்டியான வால்வ் சீட் வைத்துக்கொண்டார்கள். பிறகு, 2030-க்கு என்று வைத்திருந்த 20 சதவீத எத்தனால் கலப்பை முன்னுக்கு இழுத்து, 2025-லேயே சாதித்துக் காட்டினீர்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும். அதற்கென்று செய்யப்படாத பழைய ரப்பர் ஹோஸ் ஊதி வெடிக்கும்; பெட்ரோல் பம்ப்பின் டயாஃப்ரம் கெடும்; டேங்க்கின் அடியில் துரு ஏறி, அந்தத் துரு கார்பரேட்டர் ஜெட்டில் வந்து அடைக்கும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே வரும் வண்டிக்குப் பெட்ரோல் வாரக்கணக்கில் டேங்க்கிலேயே நிற்பதால் பாதிப்பு இன்னும் அதிகம். எரிபொருளை மாற்றியது அரசு, ஹோஸை மாற்றியது உரிமையாளர், நவீனத்துக்கு ஒத்துவராதது என்ற கெட்ட பெயர் மட்டும் வண்டிக்கு.

இத்தனையையும் தாண்டினாலும் வாசலில் இன்னொரு சோதனை வைத்திருக்கிறீர்கள். விண்டேஜ் பட்டத்துக்கு வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும்; சேஸிஸ், பாடி, எஞ்சின் எதிலும் பெரிய மாற்றம் கூடாது. கொள்கையாக இதை ஏற்கிறோம். அசல் கெட்ட வண்டிக்குப் பட்டம் எதற்கு? ஆனால் உதிரிபாகம் கிடைக்காத முப்பது ஆண்டில் வண்டியை உயிரோடு வைக்க வேறு எஞ்சினை மாட்டி, ஆர்சியிலும் முறையாக ஏற்றிக்கொண்ட நேர்மையாளர் இதில் தோற்றுப்போகிறார். 1995-இல் தார்ப்பாய் போர்த்தி மூடி, ஒரு மீட்டர்கூட ஓட்டாதவர் ஜெயிக்கிறார். ஓட்டிக் காத்தவருக்குத் தண்டம், ஓட்டாமல் பூட்டியவருக்குப் பட்டம். பட்டம் வாங்கியபின் அன்றாடம் ஓட்டவும் கூடாது. கண்காட்சி, ஆராய்ச்சி, ராலி, பெட்ரோல் நிரப்புதல், பராமரிப்பு, இவற்றுக்கு மட்டும் சாலைக்கு வரலாம்.

இனி உங்கள் தரப்பு. பழைய கார் அதிகப் புகை கக்கும் என்பீர்கள். கக்கும், ஒரு கிலோமீட்டருக்கு என்று பார்த்தால் பிஎஸ்6 காரைவிடப் பல மடங்கு. அதை மறுப்பவர் கார்பரேட்டரை முகர்ந்து பார்க்காதவர். ஆனால் ஊர்க் காற்றில் சேர்வது, கிலோமீட்டருக்கு எவ்வளவு என்பதை எத்தனை கிலோமீட்டர் என்பதோடு பெருக்கி வரும் தொகை. மாதத்தில் இரண்டு முறை ஓடும் வண்டியின் கணக்கும், தினமும் ஊரைச் சுற்றும் வண்டியின் கணக்கும் உங்கள் ரசீதில் ஒன்றாகவே இருக்கின்றன. அளவிடத் தெரியாமலும் இல்லை. ஐடிலிங்கில் கார்பன் மோனாக்சைடு பழைய கார்களுக்கு 3 சதவீதம், பாரத் ஸ்டேஜ் 2 கார்களுக்கு 0.5 என்று பியூசி என்ற புகைச் சோதனை விதியில் நீங்களே தனித்தனி வரம்பு வைத்திருக்கிறீர்கள். அந்த வரம்புக்குள் நிற்கும் வண்டியின் மேல் வயதை வைத்து இன்னொரு குற்றம் எதற்கு? 2025-இல் தில்லி அரசே உச்ச நீதிமன்றத்துக்குப் போய், புகையை அளக்காமல் வயதை மட்டும் பார்ப்பது முறையல்ல என்று வாதாடியது. இந்தியாவிலேயே மிக மோசமான காற்றைச் சுவாசிக்கும் ஊர்களில் ஒன்று அது என்பதையும் நினைவில் கொள்க.

பாதுகாப்பு பற்றிய ஆட்சேபம் இதைவிட வலுவானது. ஏர்பேக் இல்லை, ஏபிஎஸ் இல்லை. மோதினால் புதுக் காரில் பிழைப்பவர் இதில் பிழைக்காமல் போகலாம். ஆகவே பிரேக்கையும் ஸ்டீயரிங்கையும் சேஸிஸ் துருவையும் கடுமையாகச் சோதியுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை என்றாலும் வந்து நிற்பார்கள். கட்டணத்தை மட்டும் ஏற்றினால் பிரேக் பிடிக்கப் போவதில்லை. சலுகை தந்தால் வாடகைக்கு ஓட்டும் பழைய வண்டிகள் இந்த வழியில் நுழையும் என்பதும் நியாயமான பயம்; வணிகத் தடையும் ஆண்டு கிலோமீட்டர் வரம்பும் போட்டால் தீர்ந்தது, ஓடோமீட்டரைப் படிக்க ராக்கெட் அறிவியல் தேவையில்லை. பணக்காரர்களின் பொழுதுபோக்குக்கு அரசு ஏன் இரங்க வேண்டும் என்ற கேள்விக்கோ பதில் உங்களிடமே இருக்கிறது. மகாராஜாக்களின் ரோல்ஸ் ராய்ஸ் எப்போதோ ஐம்பதைத் தாண்டி உங்கள் ஆசீர்வாதத்தை வாங்கிவிட்டது. நடுவில் மாட்டிக்கொண்டவை ஸ்டாண்டர்டு 2000, சிபானி டால்ஃபின், கான்டெஸ்ஸா போன்ற நடுத்தர வர்க்கத்து நினைவுகள்தான்.

மற்ற நாடுகள் என்ன செய்கின்றன என்று பார்த்தால் உங்களுக்குத் துணைக்கு ஜப்பான் இருக்கிறது. பதின்மூன்று வயதுக்கு மேல் அங்கும் வரி ஏறும். ஜெர்மனியில் முப்பது வயதான, அசல் கெடாத கார், சோதனையில் தேறினால் எண்பலகையில் ‘ஹெச்’ எழுத்து கிடைக்கும். ஆண்டுக்கு 191.73 யூரோ வரி. வேலைக்கும் ஓட்டிப் போகலாம், புகைக் கட்டுப்பாட்டு மண்டலத்திலும் நுழையலாம். பிரிட்டனில் நாற்பது வயதைத் தாண்டினால் சாலை வரி கிடையாது. ஆக, 1984-இல் செய்த ரோவர் எஸ்டி1 அங்கே வரியில்லாமல் ஓடுகிறது. அதன் கதவு சென்னையிலிருந்து ஏலத்தில் போனதாகவும் இருக்கலாம். அதன் சென்னைத் தம்பி இங்கே 10,000 ரூபாய் ரசீதோடு வரிசையில் நிற்கிறான்.

ஆகவே, முப்பது முதல் ஐம்பது வயது வரை ஒரு நடுப் பிரிவு வேண்டும். பெயரை நீங்களே வைத்துக்கொள்ளலாம், கருவியால் சோதனையும் கிலோமீட்டர் வரம்பும் இருக்கட்டும், கட்டணம் மற்ற கார்களுக்கு உள்ளதே இருக்கட்டும். புதுப் பிரிவு திறக்கக் கோப்பு பல மேசை ஏற வேண்டியிருக்கும் என்றால் சுலபமான வழி ஒன்றும் உண்டு. விண்டேஜ் விதியில், பராமரிப்புக்காகச் சாலையில் ஓட்டலாம் என்று ஓர் இடம் வருகிறதே, அதை மட்டும் நாற்பது வயதுக்கும் நீட்டிக் கொடுங்கள். இந்த வயது வண்டியில் கோயிலுக்கென்று புறப்பட்டாலும் கல்யாணத்துக்கென்று புறப்பட்டாலும் பாதி நாள் பட்டறையில்தான் போய் நிற்கிறது. விண்ணப்பத்தில் ‘பராமரிப்பு’ என்று எழுதினால் யாரும் எங்களைப் பொய்யர் என்று சொல்லிவிட முடியாது.

இப்படிக்கு,
இருபதுக்கும் ஐம்பதுக்கும் நடுவில் நிற்கும் ஒரு வண்டியின் உரிமையாளர்