மூன்று சீஸ், ஒரு பெருங்காய டப்பா

பால் திரிந்துபோனால் எங்கள் வீட்டில் விசாரணைக் கமிஷன் உட்காரும். பாத்திரத்தைச் சரியாகக் கழுவாதது யார், நேற்றைய பாலை இன்றைய பாலோடு கலந்தது யார் என்று அம்மா ஒருவரையும் விடமாட்டாள். அப்படிப்பட்ட வீட்டுக்குள், வேண்டுமென்றே பாலைத் திரித்து, நீரைப் பிழிந்து, மாதக்கணக்கில் வைத்திருந்து விற்கிற சாமானை யானை விலை கொடுத்து நானே வாங்கி வந்தேன்.

காரணம், அக்கா பையன். லியோனில் படிக்கிறான். லீவுக்கு வரும்போது வகுப்புத் தோழன் ஒருவனையும் அழைத்து வருவதாகச் சொன்னான். "ஒண்ணும் வேண்டாம் மாமா, காபி போதும்" என்றுதான் சொன்னான். எனக்குத்தான் பொறுக்கவில்லை. பிரான்சிலிருந்து வருகிறவனுக்குத் தட்டு நிறைய சீஸ் அடுக்கி, மாமா சாதாரண ஆளில்லை என்று காட்டவேண்டாமா? இத்தனைக்கும் நான் சின்ன வயதிலிருந்து அறிந்த ஒரே சீஸ், தகர டப்பாவில் வரும் அமுல்தான். உருக்கி, உப்பு வகைகள் சேர்த்து மறுபடி கட்டியாக்கிய அதற்கு வயதே ஆகாது. தட்டில் வைக்கவேண்டியதெல்லாம் வயதாக ஆகத்தான் மதிப்புக் கூடும் இனம்.

மெத்தென்று ஒன்று, கெட்டியாக ஒன்று, நீலம் ஓடினது ஒன்று. மூன்று இருந்தால் தட்டு நிறைந்துவிடும். கெட்டிக்கு பர்மேசானைத்தான் கையில் எடுத்தேன். முறைப்படி செய்த பர்மேசானைக் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட்டை விட்டுத்தான் உறையவைப்பார்கள் என்று நினைவுக்கு வந்ததும், சுட்டது போல் திரும்ப வைத்துவிட்டேன். அம்மா 'சைவமா?' என்று கேட்டால் என்னால் பொய் சொல்ல முடியாது, முகம் காட்டிக்கொடுத்துவிடும். பச்சைப் புள்ளி போட்ட கௌடா, பிரீ, நீலச் சீஸ் ஆகிய மூன்றோடு வெளியே வந்தேன்.

பொட்டலத்தைப் பிரித்ததும் அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டாள். பெருங்காயத்தை டப்பாவுக்குள் டப்பா போட்டு வைத்திருக்கும் வீட்டில்!

"பூசணம் பூத்திருக்குடா. போய் மாத்திட்டு வா."

"அதுக்குத்தாம்மா காசு. பெனிசிலின் ஊசி போடுவாங்கல்ல, அந்த வகையறாப் பூஞ்சைதான் இது."

"அப்ப மருந்துன்னு சொல்லு. மருந்து எதுக்கு இவ்வளவு?"

சொன்னதோடு நிற்காமல், நான் தட்டின் நடுவில் கோபுரம் போல் நிறுத்தியிருந்த நீலச் சீஸைக் கத்தி முனையால் கிள்ளி, சுண்டைக்காய் அளவுக்கு இடது பக்க மேல் மூலையில் வைத்தாள். இலையில் ஊறுகாய் வைக்கும் இடம். கௌடா பொரியல் இருக்கிற இடத்துக்கும் பிரீ கூட்டு இருக்கிற இடத்துக்கும் போயின. பிஸ்கட் பாக்கெட்டைத் தள்ளிவிட்டுத் தட்டையை அடுக்கினாள். ஓரத்தில் கோவில்பட்டி கடலை மிட்டாய் நாலு துண்டு. திராட்சையை மட்டும் என் கௌரவத்துக்காக விட்டுவைத்தாள்.

ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து ஒரு மணி நேரம் வெளியே வைக்கவேண்டும் என்பது விதி. அதில் தப்பில்லை. குளிரில் கொழுப்பு இறுகிக் கிடந்தால் ருசியும் தெரியாது, மணமும் எழும்பாது. ஆனால் விதி எழுதியவர்களின் கூடம் 20 டிகிரியில் இருந்திருக்கும். எங்கள் கூடம் மயிலாப்பூரில், அக்னி நட்சத்திரத்தில் இருந்தது. கால் மணி நேரத்தில் பிரீ தன் வெள்ளைத் தோலை மட்டும் காவலுக்கு நிறுத்திவிட்டு உள்ளேயிருந்து கிளம்பிவிட்டது. தட்டையை நனைத்து, திராட்சையைச் சுற்றிக்கொண்டு விளிம்பை எட்டிப் பார்த்தது. பிரீயின் கூர்முனையை மட்டும் வெட்டி எடுத்துக்கொள்வது அந்த ஊரில் பண்பில்லாத காரியம், நீளவாக்கில்தான் சீவ வேண்டும் என்று மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். முனை இருந்தால்தானே? கரண்டியால் வழித்தோம்.

வந்த பையன் ரொம்ப மரியாதைக்காரன். தட்டையில் வழித்த பிரீயைத் தின்றான், தலையாட்டினான். கௌடாவுக்கும் ஒரு தலையாட்டல். அப்புறம் என்ன தோன்றியதோ, ஊறுகாய் மூலையிலிருந்து நீலத்தைத் துளி எடுத்துக் கடலை மிட்டாய்மேல் தடவி வாயில் போட்டவன், மென்றுகொண்டே கண்ணை மூடிவிட்டான். உப்பும் காரமுமான அந்தச் சீஸுக்குத் தித்திப்பாக ஏதாவது துணை வேண்டும் என்பது அவர்கள் ஊர் வழக்கம். தேனோ பேரிக்காயோ வைப்பார்களாம்.

"ஊறுகாயை அளவா வச்சா அப்படித்தான் இருக்கும்" என்றாள் அம்மா. அக்கா பையன் அதைப் பிரெஞ்சில் எப்படிச் சொன்னானோ, இரண்டு பேரும் வெகுநேரம் சிரித்தார்கள்.

மிச்சத்தை எடுத்துவைக்கும் பொறுப்பை அம்மாவே ஏற்றுக்கொண்டாள். வீட்டில் காற்றுப் புகாத டப்பா ஒன்றே ஒன்றுதான். மறுநாள் சாம்பாரை வாயில் வைத்துவிட்டு மனைவி என்னைப் பார்த்தாள், நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா இன்னொரு கரண்டி ஊற்றிக்கொண்டாள்.